மணிபல்லவமும் நயினாதீவும்: தோற்க இடமில்லாத ஒரு கருதுகோளின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து இயந்திரப் படகில் சிறிது நேரத்தில் சென்றடையக்கூடிய நயினாதீவு, சில சதுர கிலோமீற்றர் பரப்பே உடையது. கடல்மட்டத்திலிருந்து அதிகம் உயராதது. தமிழ்க் காப்பியமான மணிமேகலை கூறும் மணிபல்லவமும், பாளி வரலாற்று நூலான மகாவம்சம் கூறும் நாகதீபமும் இத்தீவே என்ற நம்பிக்கை நூறாண்டுகளுக்கு மேலாக வேரூன்றி, இன்று தமிழ்ச் சைவரும் சிங்களப் பௌத்தரும் தத்தம் வழியில் அதை ஏற்றுக்கொண்டு இங்கு வழிபட வருகின்றனர். அந்த நம்பிக்கை எவ்வாறு உறுதிபெற்றது, அதை ஐயுற்றவர்கள் எத்தகைய சான்றுகளை நாடினர், அவர்களுடைய சோதனைகள் எந்த இடத்தில் நின்றுபோயின என்னும் கேள்விகள் ஈழத்து வரலாற்று ஆராய்ச்சியின் நடைமுறையையே விளக்குவன.

கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் மகாவம்சம், புத்தர் ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில், மணிகள் பதித்த ஓர் அரியணைக்காகப் போருக்குத் திரண்ட மகோதரன், சூளோதரன் என்னும் மாமனும் மருமகனுமான நாக அரசர்களை அமைதிப்படுத்த நாகதீபத்துக்கு வந்தார் என்று கூறுகிறது. மணிமேகலையிலும் நாகநாட்டு அரசர் இருவர் ஒரு பீடிகைக்காகப் பொருத, புத்தர் தோன்றி அறம் உரைத்துப் போரை நிறுத்துகிறார். அந்தப் பீடிகை மணிபல்லவத்தில் இருக்கிறது. புகாரிலிருந்து தெய்வத்தால் அங்கே எடுத்துச் செல்லப்பட்ட மணிமேகலை அதைக் கண்டு தன் முற்பிறப்பை உணர்ந்து, கோமுகிப் பொய்கையிலிருந்து எழுந்த, அள்ளக் குறையாத உணவுக்கலமாகிய அமுதசுரபியைப் பெறுகிறாள். மகாவம்சத்தின் ஒரு பகுதியை ஜோர்ஜ் டேர்னர் 1837இல் ஆங்கிலத்தில் வெளியிட்டதும், உ. வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்ததும் இவ்விரு கதைகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அறிஞர்களுக்கு அளித்தன. கதைகள் ஒன்றையொன்று ஒத்திருந்தமையால், மணிபல்லவமும் நாகதீபமும் ஒன்றே என்ற முடிவுக்கு வர அவர்களுக்கு நெடுங்காலம் தேவைப்படவில்லை.

அதன்பின் சான்றுகள் தாமாகவே வந்து சேர்ந்தன. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயில் இருந்தது; போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டு 1788ஆம் ஆண்டளவில் மீளக் கட்டப்பட்டதாகக் கூறப்படும் அக்கோயிலின் மரபுக்கதையில், அம்மனுக்குப் பூக்கொண்டு கடலில் நீந்தி வந்த நாகமும் அதை மறித்த கருடனும் இடம்பெறுகின்றன; அவை தங்கிய பாறைகள் என்று பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் இன்றும் காட்டப்படுகின்றன. ஈழத்தில் வழங்கிய கண்ணகி வழக்குரை என்னும் காவியமோ, கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிப் புகாரிலிருந்து வந்த மீகாமன், நெடுந்தீவை ஆண்ட வெடியரசனோடு போரிட்ட கதையை விரிவாகச் சொல்கிறது. நாகம், மணி, தீவு, புகாரிலிருந்து வரும் கடல்வழி ஆகிய நான்கும் இங்கே மீண்டும் கூடிவருவதைக் கண்டவர்கள், மணிபல்லவக் கருத்துக்கு மேலும் ஒரு சாட்சி கிடைத்ததாக எழுதினர்.

சாட்சிகளின் எண்ணிக்கையை விட அவை ஒன்றையொன்று சாராமையே முதன்மையானது என்பது இவ்விடத்தில் கவனிக்கப்படவில்லை. மகாவம்சக் கதையும் மணிமேகலைக் கதையும் பௌத்தர்களிடையே வழங்கிய ஒரே மரபிலிருந்து கிளைத்தவையாக இருக்குமாயின், அவை இரண்டும் ஒத்துப்போவது அந்த மரபு பரவியிருந்தது என்பதைக் காட்டுமேயன்றி, அந்நிகழ்ச்சி நடந்த இடத்தைக் காட்டாது. கண்ணகி வழக்குரையைப் பாடியவர்கள் கண்ணகி-கோவலன் கதையை அறிந்தே பாடினர். ஆகவே புகாரும் நாகமணியும் அதில் வருவது புதிய செய்தி ஆகாது. ஒரே ஊற்றிலிருந்து மொண்ட நீரை மூன்று குடங்களில் வைத்து மூன்று ஊற்றுகள் என்று எண்ணிய பிழை இது.

மனிதர் தாம் முன்னரே கொண்ட கருத்துக்கு இசைந்த சான்றுகளைத் தேடவும், கிடைத்தவற்றை அக்கருத்துக்கு இசையப் பொருள்கொள்ளவும், இசையாதவற்றைக் கைநழுவ விடவும் காட்டும் இயல்பை உளவியலார் உறுதிப்படுத்தற் சார்பு என்பர். பிரான்சிஸ் பேக்கன் 1620இலேயே இதைச் சுட்டிக்காட்டியிருந்தபோதிலும், ஆய்வுக்கூடத்தில் இதை எளிய முறையில் வெளிப்படுத்தியவர் லண்டனைச் சேர்ந்த பீற்றர் வேசன் என்னும் உளவியலாளர் ஆவார். 1960இல் அவர் வெளியிட்ட சோதனையில், 2, 4, 6 என்ற எண்வரிசை ஒரு விதிக்கு உட்பட்டது என்று கூறப்பட்டு, பங்கேற்றோர் தாமே வேறு வரிசைகளைச் சொல்லி அவை விதிக்கு உட்பட்டனவா என்று கேட்டறிந்து விதியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று முதலிலேயே முடிவுசெய்தவர்கள் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் கேட்டு, ஒவ்வொரு முறையும் ஆம் என்ற விடையைப் பெற்று, தவறான விதியை நம்பிக்கையோடு அறிவித்தனர். உண்மையான விதி ஏறுவரிசை என்பது மட்டுமே. 1, 2, 3 என்று ஒருமுறை கேட்டிருந்தால், விதிக்குப் பொருந்தாது என்று அவர்கள் எதிர்பார்த்த அவ்வரிசைக்கும் ஆம் என்ற விடை வந்து, அவர்களுடைய எண்ணம் அக்கணமே குலைந்திருக்கும். எனினும், இசைவான உதாரணங்களைக் கேட்பது எப்போதும் தவறன்று என்றும், கருதுகோள் உண்மையை விடக் குறுகியதாக இருக்கும்போதே அம்முறை ஏமாற்றுகிறது என்றும் கிளேமனும் ஹாவும் 1987இல் விளக்கியதையும் சேர்த்தே நோக்க வேண்டும். அவர்களுடைய திருத்தம் தீவகத்து, அதாவது யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளின், ஆராய்ச்சிக்கு நன்றாகப் பொருந்துகிறது. நாகதீபம் ஒரு சிறு தீவு என்று குறுக்கிக் கருதியவர்கள் அச்சிறு தீவுக்குள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இசைவான விடைகளையே பெற்றனர். அதற்கு வெளியே கேட்கும் தேவை அவர்களுக்கு எழவில்லை.

வெளியே கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்பதை அந்நூல்களைக் கொண்டே பார்க்கலாம். மன்னன் தேவநம்பியதீசன் நாகதீபத்தில் கட்டிய விகாரைகளுள் சம்புகோள விகாரையும் ஒன்று என்று மகாவம்சம் குறிப்பிடுகிறது. சங்கமித்தை போதிமரக் கிளையோடு வந்திறங்கிய துறையாகிய சம்புகோளம், குடாநாட்டின் வடகரையில் மாதகலை அடுத்துள்ள சம்பில்துறை என்பதை ஆய்வாளர் பலர் ஏற்றுள்ளனர். சம்பில்துறை நாகதீபத்துக்குள் அடங்குமானால், நாகதீபம் நயினாதீவு மட்டுமாக இருக்க முடியாது. மேலும், மகாவம்சத்தின் நாகதீபத்தில் புத்தர் எண்பது கோடி நாகரை அறநெறியில் நிறுத்துகிறார். அது இலக்கிய மிகையே ஆயினும், மக்கள் நிறைந்த ஒரு நாட்டை நினைத்து எழுதப்பட்ட மிகையாகும். மணிமேகலையின் மணிபல்லவமோ ஆளரவமற்ற மணற்கரையாக வருகிறது. துயிலெழுந்த மணிமேகலை அங்கே மனிதர் எவரையும் காணவில்லை; சாவகத்துக்குச் செல்லும் வழியில் காற்று மிகுந்ததால் கப்பல் அங்கே தங்க, அமுதசுரபியை முன்னர் வைத்திருந்த ஆபுத்திரன் இறங்க, அவனை விட்டுவிட்டு அது இரவில் புறப்பட்டுவிட, உணவிடுவதற்கு ஒருவரும் இல்லாத தீவில் அமுதசுரபியை வைத்திருப்பதில் பயனில்லை என்று அவன் உண்ணாநோன்பிருந்து உயிர்விடுகிறான். கதையின் முழு உருக்கமும் அத்தீவில் மனிதர் இல்லை என்பதிலேயே தங்கியிருக்கிறது. ஆகவே மணிபல்லவத்தையும் நாகதீபத்தையும் ஒன்றாக்குவோர், மக்கள் நிறைந்த நாட்டையும் மனிதர் அற்ற கரையையும் ஒன்றாக்க வேண்டியவராகின்றனர். இவ்வேறுபாடு கல்வெட்டு அறிவோ அகழாய்வோ இன்றி, காப்பியத்தைப் படித்த எவருக்கும் தெரியக்கூடியதாக இருந்தும் அரிதாகவே பேசப்பட்டது.

தொலைவு பற்றிய சான்றும் இத்தகையதே. மணிபல்லவம் புகாருக்குத் தெற்கே முப்பது யோசனை தொலைவில் இருப்பதாகக் காப்பியம் கூறுகிறது. புகார் இருந்த காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து நயினாதீவு ஏறத்தாழ நேர்தெற்கே, வான்வழியில் ஏறக்குறைய 170 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. ஆகவே திசை மிக நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் யோசனை என்னும் நீளவளவையை ஆய்வாளர் 8 முதல் 15 கிலோமீற்றர் வரை பலவாறாக மதிப்பிட்டுள்ளனர்; முப்பது யோசனை நயினாதீவில் முடிய வேண்டுமானால் ஒரு யோசனை ஆறு கிலோமீற்றரிலும் குறைந்ததாக இருக்க வேண்டும். திசையைச் சான்றாகக் கொண்டு தொலைவைப் புலவர் கற்பனை என்று ஒதுக்குவதற்கு, இரண்டும் ஒரே இடத்தில் சொல்லப்பட்டிருக்க, முறையான நியாயம் எதுவும் இல்லை.

கருதுகோளைப் புறச்சான்றால் சோதிக்கும் முதல் வலுவான வாய்ப்பு 1936இல் வடமராட்சியின் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேட்டினால் ஏற்பட்டது. அதற்கு முன்னரே போல் ஈ. பீரிஸ் கந்தரோடையில் சிறு தாதுகோபங்களின், அதாவது புத்தர் நினைவாகக் கட்டப்படும் திண்ணிய அரைக்கோள அமைப்புகளின், எச்சங்களை அகழ்ந்து, குடாநாட்டின் பௌத்தத் தொன்மையை 1917 முதல் எழுதிவந்தார்; முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலில் பழைய பெயர்களைக் குடாநாட்டோடு பொருத்திக் காட்ட முயன்றார். பொன்னேடு அவ்விவாதத்துக்கு ஓர் எழுத்துச் சான்றைத் தந்தது. வஹ மன்னன் காலத்தில், இசிகிராயன் என்னும் அமைச்சன் நாகதீபத்தை ஆண்டபோது, பியகுக திச என்பவர் ஒரு விகாரையைக் கட்டுவித்தார் என்று அதைக் கல்வெட்டறிஞர் பரணவிதான வாசித்து, அம்மன்னனை வசபனாகக் கொண்டு, அவன் ஆண்ட கி.பி. 1ஆம், 2ஆம் நூற்றாண்டுகளில் நாகதீபம் என்பது குடாநாட்டையே குறித்தது என்று முடிவுசெய்தார். இது சிறந்த சோதனை. ஏனெனில் ஏட்டில் வேறு பெயர் இருந்திருந்தால் அக்கருத்து வலுவிழந்திருக்கும். ஆயினும் எந்தக் கருதுகோளும் தனித்துச் சோதிக்கப்படுவதில்லை, துணையாக நிற்கும் பல கருத்துகளோடு சேர்ந்தே சோதிக்கப்படுகிறது என்று பிரெஞ்சு அறிஞர் பியேர் டூஹெம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்துரைத்த உண்மை இங்கும் செல்லும். பொன்னேடு எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய பொருள். அது கண்டெடுக்கப்பட்ட இடமே அது பொறிக்கப்பட்ட இடம் என்பதும், அதில் வரும் மன்னன் வசபனே என்பதும் துணைக்கருத்துகள். ஏட்டின் மொழி எது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உள்ளது. பழஞ்சிங்களம் என்று பரணவிதான கருத, தமிழ்ச் சாயல் கொண்ட பிராகிருதம் என்று ஆ. வேலுப்பிள்ளை வாதிட்டார்.

பரணவிதானவின் பிற்கால எழுத்துகள், அறிவும் பயிற்சியும் உறுதிப்படுத்தற் சார்பிலிருந்து ஒருவரைக் காப்பதில்லை என்பதற்கு வருத்தத்தோடு குறிப்பிட வேண்டிய சான்றாகும். இலங்கையின் பிராமிக் கல்வெட்டுகளை வாசிப்பதில் நிகரற்றவராக விளங்கிய அவர், யாழ்ப்பாண அரச மரபு மலாயப் பகுதிச் சாவகர் வழிவந்தது என்ற கருத்தை முன்வைத்தபின், ஏற்கெனவே அறியப்பட்ட கல்வெட்டுகளின் வரிகளுக்கிடையே மெல்லிய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதாகவும், அவை இலங்கைக்கும் மலாயப் பகுதிக்கும் இருந்த உறவைக் கூறுவதாகவும் 1966இல் நூலாக எழுதினார். அந்த எழுத்துகளைப் பிற கல்வெட்டறிஞர்களால் காண இயலவில்லை; ஆர். ஏ. எல். எச். குணவர்தன அடுத்த ஆண்டிலேயே அவ்வாய்வை விரிவாக மறுத்தார். தேய்ந்த கல்லின் வடுக்களில் எழுத்தைத் தேடும் கண், தான் எதிர்பார்க்கும் எழுத்தையே முதலில் காண்கிறது. இதற்கு நேர்மாறான முன்மாதிரியைக் கா. இந்திரபாலா காட்டினார். இலங்கையில் தமிழர் குடியேற்றம் பிற்காலத்தது என்று 1965இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் எழுதிய அவர், அதன்பின் கிடைத்த தொல்லியற் சான்றுகளை எடைபோட்டு, 2005இல் வெளிவந்த நூலில் அம்முடிவுகளைத் தாமே கைவிட்டார். தம் பெயரோடு இணைந்துவிட்ட கருத்தை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மாற்றிக்கொள்ளும் நெஞ்சுரம் புலமையுலகில் அரிது.

எவ்வளவு நேர்மையோடு முயன்றாலும் சோதனை நின்றுபோகும் எல்லைகளும் உண்டு. அவற்றுள் முதலாவது நிலத்தின் இயல்பு. தீவகத்தில் மண்படை ஆழமற்றது. வேலிச் சுவருக்கும் வீட்டுக்கும் கோட்டைக்கும் எடுக்கப்படும் கல் முருகைக்கல், அதாவது கடலடியிற் பவளப் பூச்சிகளின் கூடுகளால் உருவாகும் கல். சுட்டால் சுண்ணாம்பாவதும் அதுவே. ஆதலால் இடிந்த பழங்கட்டடம் அடுத்த தலைமுறையின் சுவராகவோ சூளையின் இரையாகவோ மாறிவிடுவது வழக்கம். நெடுந்தீவில் வெடியரசன் கோட்டை என்று ஊரார் அழைக்கும் இடத்தில் முருகைக்கற்களால் வட்டமாகக் கட்டிய அடித்தளங்கள் எஞ்சியுள்ளன. தொல்லியலாளர் அவற்றைத் தாதுகோபங்களின் எச்சங்களாக இனங்கண்டுள்ளனர். வெடியரசன் கதையைக் கேட்டு வளர்ந்தவர் அதே கற்களில் கோட்டையைக் காண்பது வியப்பன்று. 1980களின் தொடக்கத்தில் பொ. இரகுபதி குடாநாட்டிலும் தீவுகளிலும் தொல்குடியிருப்புகளைத் தேடிக் கள ஆய்வு செய்தார். அவருடைய நூல் 1987இல் வெளிவந்த காலத்தில் உள்நாட்டுப் போர் அத்தகைய பணியை நெடுங்காலத்துக்கு நிறுத்திவிட்டது. இந்நிலையில் நயினாதீவில் பழைய பீடிகை கிடைக்காமை எதையும் மறுப்பதாகாது, கிடைத்தால் மட்டும் எல்லாவற்றையும் நிறுவுவதாகிவிடும். எந்த விளைவாலும் தோற்க இடமில்லாத கருதுகோளாக மணிபல்லவக் கருத்து நிலைபெற்றது இவ்வாறே.

இரண்டாவது எல்லை இதனினும் ஆழமானது. ஒரு கருத்தைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் எதிர்க்கருத்து உடையவரால் தூண்டப்படுகிறது. ஆகவே எதிரெதிரே நிற்கும் இரு தரப்பினரும் ஒருங்கே ஏற்றுள்ள கருத்தைச் சோதிக்கத் தூண்டுவோர் எவரும் இல்லை. வடபுலத்துப் பௌத்த எச்சங்களைச் சிங்களக் குடியிருப்பின் அடையாளம் என்று ஒரு தரப்பினர் உரிமை கொண்டாட, அந்த உரிமைக்கு அஞ்சிய மறு தரப்பினர் எச்சங்களின் பழைமையைக் குறைத்துப் பேசவோ அவற்றைப் பேசாமல் விடவோ செய்தனர். பௌத்தம் என்றால் சிங்களம் என்ற சமன்பாட்டை இரு தரப்பினருமே ஐயுறவில்லை. மணிமேகலையே தமிழ்ப் பௌத்தக் காப்பியம் என்பதும், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரை சோழர் ஆட்சியில் எழுந்தது என்பதும் பள்ளிப் பாடமாக அறியப்பட்டிருந்தும், கந்தரோடைத் தாதுகோபங்களை நோக்கும்போது அவ்வறிவு துணைக்கு வரவில்லை. அறிஞர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும், இந்தப் பொதுக்கருத்து அவ்விமர்சனத்தின் வீச்சுக்கு வெளியிலேயே இருந்துவந்தது.

அச்சமன்பாட்டைக் குலைக்கும் சான்று நயினாதீவிலேயே, நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள ஒரு கல்லில் இருந்தது. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தமிழ்மொழியில் தாங்கிய அக்கல்வெட்டை 1963இல் இந்திரபாலா ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும் என்றும் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் அது கூறுகிறது. அரசனுக்காக யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் அச்சரக்கில் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, அதாவது அரச கருவூலத்துக்கு, எடுக்கப்பட்டு மூன்று பங்கு உடையவனுக்கு விடப்படும். வணிகச் சரக்கு ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் உரியன. படைக்கு வேண்டிய விலங்குகளை ஏற்றிவருவோருக்கு அதிகப் பங்கைத் திருப்பிக் கொடுத்ததில், அவர்களை இத்துறைக்கு ஈர்க்கும் கணக்கு வெளிப்படையாகத் தெரிகிறது. சிங்கள மன்னன் ஒருவன் தன் வடதுறையின் வணிகருக்குத் தமிழில் ஆணையிட்டான் என்பதை, அரசையும் மொழியையும் சமயத்தையும் ஒன்றோடொன்று பிணைத்துப் பார்த்த இரு தரப்பினருமே எதிர்பார்த்திருக்கவில்லை. ஊராத்துறைக்கான ஆணை நயினாதீவில் நிற்பதற்குக் காரணம் என்ன என்ற கேள்விக்குக் கல்வெட்டு விடை தருவதில்லை.

இக்கல்வெட்டு கூறும் வணிகத்தைச் சோதிக்க, இலக்கியத்தோடும் கோயில் மரபோடும் தொடர்பற்ற வேறொரு வகைச் சான்று வேலணைத் தீவின் கீழ்க்கோடியில் உள்ள அல்லைப்பிட்டியில் வெளிப்பட்டது. அங்கே 1977இல் ஜோன் கார்ஸ்வெல் ஆராய்ந்த சீன மட்பாண்டத் துண்டுகளும், 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தினர் இலங்கை அறிஞரோடு சேர்ந்து அகழ்ந்தெடுத்தவையும் சோங் வம்சக் காலத்தவை. அவற்றை 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் உரியனவாக ஆய்வாளர் கணித்துள்ளனர். தீவகத்துத் துறைகளுக்குத் தொலைதூரக் கப்பல்கள் வந்தன என்ற கருத்தை இத்துண்டுகள் உறுதிசெய்கின்றன. அதே வேளையில், ஊராத்துறை வணிகம் பராக்கிரமபாகுவின் ஆணையால் தொடங்கியது என்று கல்வெட்டை மட்டும் படித்தவர் கொள்ளக்கூடிய எண்ணத்தை அவை மறுக்கின்றன. அம்மன்னன் முடிசூடுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே, சோழர் வடஇலங்கையை ஆண்ட காலத்தின் இறுதியிலோ அதை அடுத்தோ, சீனத்துக் கிண்ணங்கள் அல்லைப்பிட்டிக் கரையில் இறங்கியிருக்கின்றன. அவன் செய்தது, ஏற்கெனவே நடந்துவந்த வணிகத்துக்குப் பங்கு விதித்ததே.